கதிர்வீச்சு: குருதி தேறிய பிறகும் முடியாத கணக்கு

காங்கேசன்துறையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீற்றர் தென்மேற்கே கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் முதல் உலை 2013 ஒக்ரோபரில் மின்கட்டமைப்புடன் இணைந்தது. அங்கே விபத்து நேர்ந்தால் உடனே அறிவதற்காக, காங்கேசன்துறை உள்ளிட்ட இலங்கையின் கரையோர இடங்களில் கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கருவிகள் நிறுவப்பட்டன. காற்றிலுள்ள அளவைக் கருவி அப்போதே காட்டிவிடும். உடலுக்குள் நேர்ந்த சேதம் தெரிய ஆண்டுகள் ஆகலாம். முக்கியமாக என்புமச்சையில்.

மச்சைக்கு ஏன் முதல் அடி?

செங்குழியம் ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். குருதிச் சிறுதட்டுக்கு ஏறக்குறைய பத்து நாள்தான். இந்த இழப்பை இடைவிடாமல் ஈடுசெய்வது மச்சையிலுள்ள மூலக்கலங்களின் வழித்தோன்றல்கள். வேகமாகப் பிரியும் கலங்களைத்தான் கதிர்வீச்சு அதிகம் தாக்கும். அதனால் பெரும் அளவு பட்டால் சில நாட்களிலேயே வெண்குழியங்கள் சரியும். கிருமித்தொற்றும் குருதிக்கசிவும் பின்தொடரும். 2010இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய ஆய்வுக் கருவியொன்று மாயாபுரி பழைய இரும்புச் சந்தையை அடைந்தது. அதிலிருந்த கதிர்வீசும் கோபால்ற்-60 பலரை இவ்வாறு பாதித்தது, ஒருவர் இறந்தார்.

தேறியவருக்குள் நடப்பது

உயிர்தப்பிய மூலக்கலங்கள் பெருகி மச்சையை மீண்டும் நிரப்பும். குருதி எண்ணிக்கையும் வழமைக்குத் திரும்பலாம். ஆனால் உடைந்த டிஎன்ஏ பிழையாக ஒட்டப்பட்டிருந்தால், அந்தப் பிழை அக்கலத்தின் சந்ததி முழுவதற்கும் போகும். சேதமடைந்த கலத்தை அழியச் செய்யும் பி53 மரபணுவே பழுதான கலங்களும் உண்டு. நல்ல கலங்கள் மடியும்போது அவை மடியாமல், வெங்காயத் தறையில் கோரை பரவுவதுபோல் வெற்றிடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்குப் பெரிய சான்று ஹிரோஷிமாவும் நாகசாகியும். அங்கே குருதிப் புற்றுநோய் குண்டுவீச்சுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளின் பின் கூடத் தொடங்கி, ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் உச்சத்தைத் தொட்டது. சிறுவயதில் கதிர்பட்டவர்களுக்கே ஆபத்து அதிகம். இரண்டு வயதில் கதிர்பட்ட சடாகோ சசாக்கி, 1955இல் பன்னிரண்டாவது வயதில் குருதிப் புற்றுநோயால் இறந்தாள். மச்சை பழுதான குருதியை உண்டாக்கும் வேறு நோய்கள் பல தசாப்தங்களின் பின்னரும் தலைகாட்டின. 1950 முதல் சுமார் 120,000 பேரைப் பெயர் குறித்துத் தொடர்ந்து கவனித்ததால்தான் இவை தெரியவந்தன.

எல்லா அளவும் ஆபத்தா?

இயற்கையிலிருந்து மட்டும் உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேட் கதிர்வீச்சு சேர்கிறது. மோனசைற் மணல் நிறைந்த கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சில பகுதிகளில் இது பல மடங்கு. அங்கு சுமார் 70,000 பேரை 2005 வரை கவனித்த ஆய்வு, புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. எவ்வளவு பட்டது, எவ்வளவு வேகமாகப் பட்டது, எந்த வயதில் பட்டது என்பவையே ஆபத்தைத் தீர்மானிக்கின்றன.

தெல்லிப்பழையில் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுவோர் இதைப் படித்து அஞ்சி இடைநிறுத்தக் கூடாது. அங்கே கதிர் குறித்த உறுப்பை நோக்கியே செலுத்தப்படுகிறது. சிகிச்சையால் பின்னாளில் குருதிப் புற்றுநோய் வருவது அரிது. சிகிச்சையை விட்டால் இருக்கும் நோய் பெருகும். பெற்ற கதிர் அளவு எழுதிய கிளினிக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டுகள் கழிந்தும் காரணமில்லாத களைப்பு, கன்றல் காயம், அடிக்கடி காய்ச்சல் வந்தால், அந்தக் கொப்பியுடன் வைத்தியரிடம் சென்று முழுக் குருதி எண்ணிக்கைப் பரிசோதனை செய்யுங்கள்.