அடுப்புக்குள் ஒரு கால்

அடுப்பில் உலை கொதிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே நீட்டி உள்ளே வைத்திருக்கிறாள். கால் எரிகிறது. அவள் பாட்டுக்குச் சமைக்கிறாள். 1978-ல் வந்த விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'. தெலுங்குப் படம், தமிழ் பேசிக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கம் வந்தது. அதைச் சின்ன வயதில் பார்த்த யாரிடமாவது கதையைக் கேளுங்கள், முழிப்பார்கள். ராஜா யார், பேய்க்கு என்ன வஞ்சம், ஒன்றும் நினைவிருக்காது. கால் எரிந்ததை மட்டும் கேட்காமலே சொல்வார்கள்.

அந்தப் படத்தில் பயமுறுத்தும் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. இது மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டது என்றால், அந்த அடுப்பு எங்கள் வீட்டிலும் இருந்தது. மண் அடுப்பு, ஊதுகுழல், புகையேறிக் கறுத்த சுவர், அழுது வடியும் ஒரு குண்டு பல்பு. பேய் சுடுகாட்டில் இருந்தால் பிரச்சினை இல்லை, அங்கே யார் போகப் போகிறார்கள்? இது அம்மா உட்காருகிற இடத்தில், அம்மா மாதிரியே உட்கார்ந்திருந்தது. வகுப்பில் ஒருவன், அம்மாவின் காலைப் பார்த்த பிறகுதான் ராத்திரி சோற்றில் கை வைத்தேன் என்றான். எல்லோரும் அவனைக் கேலி செய்தோம். அன்றைக்கு ராத்திரி நாங்களும் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டோம்.

படம் பார்த்தது டென்ட் கொட்டகையில். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவன் தலை மறைக்காது. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. அடுத்த விளக்கு வரும்வரை பயத்திலிருந்து தப்ப வழி கிடையாது. கண்ணை மூடலாம், அக்கா மடியில் முகத்தைப் புதைக்கலாம், அவ்வளவுதான். சத்தம் எப்படியும் காதில் விழும். இரண்டு மூன்று நாளில் படப்பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும். அப்புறம் அந்தப் படத்தை எப்போது பார்ப்போம் என்பது யாருக்கும் தெரியாது.

பெட்டி போன பிறகுதான் படமே ஆரம்பிக்கும். பார்த்தவன் பார்க்காதவனுக்குக் கதை சொல்ல வேண்டும், பின்னணி இசையோடு. சொல்லச் சொல்ல ஒரு கால் இரண்டு காலாகும். அடுப்பிலிருந்து கை முளைக்கும். எனக்கு நினைவிருக்கிற 'ஜகன்மோகினி'யில் பாதிதான் விட்டலாச்சார்யா எடுத்தது. மீதி எங்கள் தெரு எடுத்தது.

1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தபோது விவகாரம் இன்னும் பெரிதானது. இந்தியாவின் முதல் 3டி படம். நவோதயா அப்பச்சன் தயாரிப்பு, அவர் மகன் ஜிஜோ இயக்கம். ஒளிப்பதிவு 'உதிரிப்பூக்கள்' அசோக்குமார், இசை இளையராஜா. மலையாளப் படம் என்று யாரும் நினைக்கவே இல்லை. டவுனுக்கு பஸ் ஏறிப் போய், வாசலில் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்குக்கு நேரே வருவதையெல்லாம் எட்டிப் பிடிக்கப் பார்த்தோம். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் போட்டால் 'மெட்ராஸ் ஐ' வரும் என்று வதந்தி கிளம்பியது. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் சுத்தம் செய்கிறோம் என்று விளக்குவதற்கே ஒரு படத்துண்டை எடுத்து முன்னால் சேர்க்க வேண்டியதாயிற்று.

அதில் ஒரு பாட்டில் பிள்ளைகள் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடப்பார்கள். மந்திரம் என்றே நம்பினோம். திண்ணைச் சுவரில் ஓடி ஏறப் பார்த்து முழங்கை பெயர்ந்தவர்கள் உண்டு. அறையையே இரும்பில் செய்து உருளவிட்டு, கேமராவையும் அதோடு சுற்றவிட்டு எடுத்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தும் அந்த மந்திரம் முழுதாகப் போய்விடவில்லை, அது வேறு விஷயம்.

இப்போது அந்த விளக்கம் படத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பச்சைத் திரைக்கு முன்னால் நடிகர் கயிற்றில் தொங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் அவர் பறப்பதைப் பார்க்கிறார்கள். அண்ணன் பேத்திக்கு யூடியூபில் அந்த அடுப்புக் காட்சியைக் காட்டினேன். பயப்படவில்லை. "தாத்தா, அவங்க ஏன் தரையில உக்காந்து சமைக்கிறாங்க?" என்றாள். அடுப்பு என்றால் அவளுக்கு மேடைமேல் இருப்பது, குமிழைத் திருப்பினால் எரிவது. கேள்வி நியாயமானதுதான். பிறகு விரலால் பின்னால் இழுத்து இழுத்து மூன்று தடவை பார்த்துச் சிரித்தாள்.

அவளுக்குப் படங்களே மனதில் தங்குவதில்லை என்று சொன்னால் அது கிழட்டுப் புலம்பல். 'மோவானா'வும் 'கோகோ'வும் அவளுக்கு வசனம் வசனமாக மனப்பாடம். எந்த இடத்தில் அழுகை வரும் என்பதுகூடத் தெரியும். அந்த இடம் நெருங்கினால் திரையைத் தட்டிப் பத்துப் பத்து விநாடியாகத் தாண்டிவிடுகிறாள். என் பயத்துக்குக் கிடைக்காத வசதி அது. ஆனால் அவள் படத்தைத் தப்பாகச் சொல்லவே முடியாது. சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாமே. ஒரு கால் ஒரு காலாகவே இருக்கும். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிள்ளைகளின் திரைப் பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஜோன் கேன்டர். சிறு பிள்ளைகள் தோற்றத்துக்குப் பயப்படுகிறார்கள் என்பது அவர் கண்டது. திரையில் பார்ப்பது நிஜத்தில் நடக்குமா நடக்காதா என்று யோசிப்பதெல்லாம் வளர்ந்த பிறகுதான். அதனால் ஐந்து வயதுக்காரனிடம் "அது பொய்டா" என்று விளக்குவதில் பிரயோசனம் குறைவு. பக்கத்தில் அணைத்து உட்காரவைத்துக்கொள்வது மேல். 1999-ல் அவரும் கிறிஸ்டன் ஹாரிசனும் கல்லூரி மாணவர்களிடம் விசாரித்ததில், பத்துக்கு ஒன்பது பேர் சின்ன வயதில் பார்த்துப் பயந்த ஏதோ ஒரு படத்தையோ நிகழ்ச்சியையோ சொன்னார்கள். நாலில் ஒருவருக்கு அந்தப் பயம் இன்னும் மிச்சமிருந்தது. அக்கா மடியை யாரும் ஆராயவில்லை, ஆனால் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

கொட்டகைக்குக் கைக்குழந்தையோடு போன காலத்தில் தணிக்கைச் சான்றிதழை யார் பார்த்தார்கள்? 1983 வரை பொதுப் படங்களுக்கு 'யு', 'ஏ' என்று இரண்டே வகை. அந்த ஆண்டு 'யுஏ' சேர்ந்தது. 2024-ல் அதையும் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். பேத்தியின் அம்மா அதையெல்லாம் கவனமாகப் பார்க்கிறவள். டிவியில் பிள்ளைகளுக்கென்று தனிக் கணக்கு, அதற்கு ரகசிய எண்.

போன மாதம் அந்தக் குழந்தை இரண்டு ராத்திரி தனியாகப் படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. என்ன படம் பார்த்தாள் என்று எல்லோரும் தேடினார்கள். படமே இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ தட்டிவிட்ட அரை நிமிடக் காணொளி, சிசிடிவியில் சிக்கிய பேய் என்று. கதை, பாட்டு, இடைவேளை ஒன்றும் கிடையாது. என் போனில்தான் பார்த்திருக்கிறாள். அதற்கு ரகசிய எண் எதுவும் இல்லை. மறுநாள் அவள் அம்மா வந்து ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.