செம்புத் தட்டாக மாறிய நிலா!

இரவு 11 மணி. தெரு அடங்கிவிட்டது. ஆனால் மொட்டை மாடிகள் அடங்கவில்லை!

2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆவணி மாதத்துப் பவுர்ணமி. அன்றுதான் முழு சந்திர கிரகணம்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் மாடியில் பாய் விரித்து மல்லாந்து கிடந்தார்கள். மீதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. மேகம் விலகும்போதெல்லாம் சிறுவர்கள் கூச்சல் போட்டார்கள்.

அப்போது எதிர் வீட்டு ஜன்னலில் இருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"அக்கா! இப்போ எப்படி இருக்கு?"

கேட்டவள் அந்த வீட்டு மருமகள். ஏழு மாத கர்ப்பிணி. சாயந்திரம் 6 மணிக்கே சாப்பாடு போட்டு, மாமியார் அவளை அறைக்குள் உட்கார வைத்துவிட்டார். ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பு. அவள் ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"செம்புப் பாத்திரம் மாதிரி இருக்கும்மா" என்றாள் என் மனைவி.

"புளி போட்டுத் துலக்கினதா, துலக்காததா?"

"துலக்காதது!"

இதைவிடச் சரியாக அந்த நிறத்தை யாரும் சொல்லிவிட முடியாது. பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த மாமியார் கொடுமைக்காரி அல்ல. மருமகளைத் தன் மகளைப் போலப் பார்த்துக்கொள்கிறவர். அவர் பயந்தார். அவ்வளவுதான். அந்தப் பயம் நியாயமானதுதானா? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் கிரகணம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

மறைப்பது யார்?

சந்திரனுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரியன் கொடுக்கும் வெளிச்சத்தைத்தான் அது நமக்குத் திருப்பிக் காட்டுகிறது.

பவுர்ணமி அன்று ஒரு பக்கம் சூரியன், நடுவே பூமி, மறு பக்கம் சந்திரன். பூமிக்குப் பின்னால் அதன் நிழல் நீண்டு கிடக்கிறது. சுமார் 14 லட்சம் கிலோ மீட்டர் நீளமுள்ள நிழல்! சந்திரன் இருப்பதோ சுமார் 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோ மீட்டர் தூரத்தில். அந்த நிழலுக்குள் சந்திரன் நுழைந்துவிட்டால், அதுவே சந்திர கிரகணம்.

ஆக, சந்திரனை மறைப்பது வேறு யாருமல்ல. நாம்தான்! நாம் நிற்கிற இந்தப் பூமிதான்.

நிழலின் ஓரத்தை அன்று கவனித்தீர்களா? அது வளைந்து இருக்கும். எந்தக் கிரகணத்திலும் அப்படித்தான். "எப்போதும் வட்டமாக நிழல் விழுகிறது என்றால், பூமி உருண்டையாகத்தான் இருக்க வேண்டும்" என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். அவரிடம் தொலைநோக்கி இல்லை. கண் மட்டும்தான் இருந்தது.

தேங்காயும் நெல்லிக்காயும்

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை.

நார் உரித்த பெரிய தேங்காய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்களவு 12 சென்டி மீட்டர் இருக்கட்டும். அதுதான் பூமி. பெரிய நெல்லிக்காய் ஒன்று, 3 சென்டி மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும். அது சந்திரன்.

காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில், துணி காயப்போடும் கொடியில் தேங்காயைக் கட்டித் தொங்கவிடுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. முதுகை அதற்குக் காட்டி நில்லுங்கள். தேங்காய்க்கு 12 அடி பின்னால், நிழல் விழுகிற திசையில், ஒரு ஈர்க்குச்சியில் நெல்லிக்காயைக் குத்திப் பிடியுங்கள்.

அளவும் சரி, தூரமும் சரி. வானத்தில் இருக்கும் பூமியும் சந்திரனும் இதே விகிதத்தில்தான் இருக்கின்றன. வெளிச்சம் போடுவதும் அதே சூரியன்தான்!

தேங்காயின் நிழலை உற்றுப் பாருங்கள். நடுவில் கறுப்பு. சுற்றிலும் மங்கலான ஒரு வளையம். கறுப்புப் பகுதிக்குள் இரண்டரை நெல்லிக்காய் பக்கத்தில் பக்கத்தில் அடங்கும். முதலில் மங்கல் பகுதிக்குள் நெல்லிக்காயைக் கொண்டுபோங்கள். பெரிய மாற்றம் தெரியாது. கறுப்புக்குள் நுழைந்ததும் ஓரத்தில் இருந்து இருட்டு ஏறும். இதுதான் கிரகணம்.

அப்படியானால் மாதா மாதம் பவுர்ணமி தோறும் கிரகணம் வர வேண்டுமே, ஏன் வருவதில்லை? சந்திரன் சுற்றும் பாதை 5 பாகை சாய்ந்திருக்கிறது. உங்கள் நெல்லிக்காயை நிழலுக்கு ஒரு அடி மேலேயோ, ஒரு அடி கீழேயோ கொண்டுபோனால் எப்படி? நிழலில் படாது. பெரும்பாலான பவுர்ணமிகளில் சந்திரன் அப்படித் தப்பித்துப் போய்விடுகிறது.

ஒன்று கவனித்திருப்பீர்கள். நெல்லிக்காய் இருட்டியதே தவிர, சிவக்கவில்லை. ஏன்? தேங்காய்க்குப் பூமியைப் போலக் காற்றுப் போர்வை கிடையாது!

பூமியின் ஓரத்தில் உரசிப் போகும் சூரிய ஒளியைக் காற்று வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. வழியிலேயே நீல நிறம் சிதறிப் போகிறது. சிவப்பு மட்டும் தப்பி, சந்திரன் மீது போய் விழுகிறது. அந்த நேரத்தில் நாம் சந்திரனில் நின்று பார்த்தால், கறுத்த பூமியைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் தெரியும். உலகத்தில் அந்த நிமிடம் நடக்கிற எல்லா சூரிய உதயங்களும், எல்லா அஸ்தமனங்களும் சேர்ந்ததுதான் அந்த வளையம்.

காற்றில் தூசி அதிகமானால் நிறம் மாறும். பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாட்டுபோ எரிமலை 1991-ல் வெடித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் நடந்த முழு கிரகணத்தில், சந்திரன் இருக்கும் இடம் தெரியாத அளவுக்கு இருண்டு போயிற்று!

சோழி வைத்துச் சொன்ன கணக்கு

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. சந்திரனை மறைப்பது பூமியின் நிழலே என்று ஆரியபட்டர் 499-ம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

நம் பஞ்சாங்கக்காரர்களும் சாமானியர்கள் அல்ல. ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

1825-ம் ஆண்டு. ஜான் வாரன் என்ற ஐரோப்பியர், முன்பு சென்னை வான ஆராய்ச்சிக் கூடத்தில் பணி புரிந்தவர், நம் நாட்டுக் காலக் கணக்கு முறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவரைச் சந்தித்தார். அந்த ஆண்டு மே 31-ந் தேதி இரவு வரும் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டும்படி கேட்டார்.

அவர் காகிதம் கேட்கவில்லை. பேனா கேட்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். வாய்பாடுகள் எல்லாம் மனப்பாடம். எண்களைச் சொற்களாகவும் அசைகளாகவும் மாற்றி மனதில் பதித்து வைத்திருந்தார். வாய் முணுமுணுக்க, கை சோழிகளை நகர்த்த, கணக்கு முடிந்தது!

கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருக்கு ஏற்பட்ட பிசகு 4 நிமிடம் மட்டுமே. நடு நேரத்தில் 23 நிமிடம். முடியும் நேரத்தில் 52 நிமிடம். கடைசிப் பிசகு பெரியதுதான்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்து, சோழியை மட்டும் வைத்துக்கொண்டு, வானத்தில் நிழல் எப்போது விழும் என்று சொல்ல இன்று நம்மில் எத்தனை பேரால் முடியும்? ஆட்டோ நியூகபவர் என்ற கணித வரலாற்று அறிஞர் 1952-ல் இந்தக் கணக்கை ஆராய்ந்து, "தமிழ் வானியல்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரையே எழுதினார்.

அப்படியானால் ராகு? கணக்கருக்கு ராகு என்பது ஒரு புள்ளி. சூரியன் செல்லும் பாதையும் சந்திரன் செல்லும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இடம். கேது என்பது எதிர்ப்புறப் புள்ளி. அந்தப் புள்ளிகளுக்கு அருகே பவுர்ணமி நேர்ந்தால் கிரகணம். பாட்டி கதையில் அந்தப் புள்ளி பாம்பாகிவிட்டது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாம்புக்குப் பயந்து ஒரு கர்ப்பிணியைப் பட்டினி போடலாமா?

சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். கிரகணத்தின்போது சந்திரனில் இருந்து புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை. வழக்கமாக வரும் வெளிச்சம் குறைகிறது, அவ்வளவுதான். குறைந்த வெளிச்சம் சோற்றை எப்படி விஷமாக்கும்?

குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். உதடும் அண்ணமும் ஒட்டி உருவாவது கர்ப்பத்தின் முதல் இரண்டு, மூன்று மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. அது சரியாக ஒட்டாமல் போவதற்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமே இல்லை.

குளிப்பவர்கள் குளிக்கட்டும். சாமி கும்பிடுபவர்கள் கும்பிடட்டும். அது அவரவர் விருப்பம். ஆனால் கர்ப்பிணியைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் உட்கார வைப்பது கெடுதல். சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால், சர்க்கரை இறங்கி மயக்கமே வந்துவிடும். எதிர் வீட்டுப் பெண் அன்று மாலை 6 மணிக்குச் சாப்பிட்டாள். கிரகணம் விலகிய பிறகு இரவு ஒன்றரை மணிக்குத்தான் அடுத்த வாய். ஏழரை மணி நேரம்!

எப்படிப் பார்ப்பது?

சூரிய கிரகணத்தைக் கண்ணால் நேராகப் பார்த்தால் கண் கெடும். சந்திர கிரகணத்துக்கு அந்தப் பயம் இல்லை. கறுப்புக் கண்ணாடி வேண்டாம். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஒரு பாய் போதும்.

தொடக்கத்தில் அவசரப்பட்டு மாடி ஏறாதீர்கள். செப்டம்பர் 7-ந் தேதி இரவு 8.58-க்கே மங்கல் நிழல் தொட்டுவிட்டது. யார் கண்ணுக்கும் தெரியவில்லை. 9.57-க்குக் கறுப்பு நிழல் ஏறிய பிறகுதான் வேடிக்கை. 11.01-க்கு முழுவதும் மறைந்து, 82 நிமிடம் சிவந்து நின்றது. கிழக்குப் பக்க விளிம்பில்தான் முதலில் இருட்டு படியும். அங்கே கண்ணை வையுங்கள்.

குழந்தைகளை நட்சத்திரம் எண்ணச் சொல்லுங்கள். பவுர்ணமி வெளிச்சத்தில் சொற்பமாகத்தான் தெரியும். நிலா சிவந்ததும் திடீரென்று வானம் நிறையும். அன்று எங்கள் மாடியில் இருந்த ஒரு பையன் 9 வரை எண்ணியிருந்தான். முழு மறைவில் 30-ஐத் தாண்டியதும் எண்ணிக்கை குழம்பிப்போய் அழத் தொடங்கிவிட்டான்!

செல்போனில் படம் எடுக்க மெனக்கெட வேண்டாம். ஒரு சிவப்புப் பொட்டுதான் விழும்.

அடுத்தது எப்போது?

2026-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி கிரகணத்தில், தமிழ்நாட்டில் நிலா உதிப்பதற்குள் முழு மறைவு முடிந்துவிடும் கணக்கு. தொடக்கம் முதல் கடைசி வரை நம் வீட்டு மாடியில் இருந்தே பார்க்கக் கூடிய முழு கிரகணம் 2028-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி வருகிறது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை!

இரவு 8.40 வாக்கில் நிழல் ஏறும். 9.45 முதல் ஏறத்தாழ 11 மணி வரை முழு மறைவு. கடைசி நிழல் விலகும்போது நள்ளிரவு கடந்து சில நிமிடங்கள் ஆகியிருக்கும். அதாவது, 2029 பிறந்திருக்கும்.

எதிர் வீட்டில் ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். "நான் உள்ளே உட்கார வைத்ததால்தான்" என்கிறார் மாமியார். அவரோடு யார் வாதாடுவது?

2028-ல் அந்தக் குழந்தைக்கு மூன்று வயது நிறைந்திருக்கும். கிரகணத் தேதியை அந்த அம்மாவிடம் சொன்னேன். "அன்றைக்குப் பேத்தியை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மார்கழிப் பனி பிள்ளைக்கு ஆகாது. காதை மூடிக் கூட்டிட்டுப் போங்க."