வணிகவியல் பட்டம்: சேரும் முன் அறிய வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் எங்கள் கிளைகளுக்கு வரும் பெற்றோரின் எண்ணிக்கை கூடிவிடும். கல்விக்கடன் விண்ணப்பத்தை வாங்கிய பின்னரும் சிலர் எழுந்து செல்வதில்லை. சற்றுத் தயங்கி, "பிள்ளையை பி.காம். சேர்க்கலாமா சார்? படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்பார்கள். நாங்களும் வணிகவியல் பட்டம் பெற்று வங்கிப் பணிக்கு வந்தவர்களே. ஆகவே இக்கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற எங்களுக்கு மனம் வருவதில்லை.

எங்கள் அனுபவத்தில் கண்ட விடை இதுதான்: வணிகவியல் பட்டத்தின் பயன், அதனோடு வேறு எதனை, எந்த ஆண்டில் இணைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. இம்முடிவை முதலாண்டிலேயே எடுத்தவர்களுக்குப் பட்டம் பெரிதும் துணை செய்கிறது. மூன்றாம் ஆண்டின் இறுதியில் யோசிக்கத் தொடங்குவோர் காலத்தையும் பணத்தையும் மீண்டும் செலவிட நேர்கிறது.

சேர்க்கைக்குத் தேவையானவை

ஆசியாவின் முதல் வணிகவியல் கல்லூரி எனப்படும் சிடன்ஹாம் கல்லூரி மும்பையில் 1913-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று நாட்டின் எல்லா மாநிலங்களிலும் இப்படிப்பு உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் ஆகியவற்றைப் பயின்றோருக்குப் பல கல்லூரிகள் முன்னுரிமை தருகின்றன. அறிவியல் பிரிவில் பயின்றவர்களையும் ஏற்கும் கல்லூரிகள் உண்டு. அத்தகைய மாணவர்கள் விடுமுறையிலேயே பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலை ஒருமுறை படித்துவிட்டுச் செல்வது நலம்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2022-ஆம் ஆண்டு முதல் பொது நுழைவுத் தேர்வின் வழியே இளங்கலைச் சேர்க்கை நடைபெறுகிறது. அத்தேர்வில் எந்தெந்தப் பாடங்களை எழுத வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விரும்பும் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையைப் பார்த்த பின்னரே பாடங்களைத் தேர்வு செய்ய வேண்டும்.

புதிய கல்விக் கொள்கையைப் பின்பற்றும் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டுகளும், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட்டுகளும் தேவை. இடையில் நிறுத்த நேர்ந்தாலும், உரிய நிபந்தனைகளை நிறைவு செய்தால், ஓராண்டுக்குச் சான்றிதழும் ஈராண்டுக்குப் பட்டயமும் பெறலாம். ஆராய்ச்சியையோ வெளிநாட்டு மேற்படிப்பையோ நாடுவோருக்கு நான்காம் ஆண்டு உதவும். வேலையையோ தொழில்முறைத் தேர்வையோ நாடுவோருக்குப் பெரும்பாலும் மூன்றாண்டே போதுமானது.

மாணவர் கற்பது என்ன?

கணக்கியல் என்றாலே கூட்டல் கழித்தல் என்று எண்ணுவோர் உண்டு. அந்த வேலையைக் கணினி செய்துவிடும். மாணவர் கற்க வேண்டியது, இரு ஏடுகள் ஏன் ஒத்துவரவில்லை என்று கண்டறிவது.

நம் வாடிக்கையாளர்களுக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு வணிகரின் ரொக்க ஏட்டில் வங்கி இருப்பு 84,500 ரூபாய். அதே நாளில் அவருடைய பாஸ்புக் 97,350 ரூபாய் காட்டுகிறது. அவர் வழங்கிய 15,000 ரூபாய்க் காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை; அதனைக் கூட்டினால் 99,500. வங்கி எடுத்த கட்டணம் 150 ரூபாயை அவர் தம் ஏட்டில் எழுதவில்லை, கழித்தால் 99,350. அவர் செலுத்திய 2,000 ரூபாய்க் காசோலை இன்னும் வசூலாகவில்லை. அதனையும் கழித்தால் 97,350. இரு ஏடுகளும் இப்போது ஒத்துவருகின்றன. இதற்கு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று பெயர். பட்டப்படிப்புக்கு வரும் முன்பே மாணவர் பயிலத் தொடங்கும் பாடம் இது.

பணம் செலுத்தியதை வணிகர் பற்றுப் பக்கத்தில் எழுத, வங்கி அதே தொகையை வரவுப் பக்கத்தில் எழுதுவது ஏன் என்று பலர் எங்களிடம் கேட்டதுண்டு. வணிகருக்கு அது சொத்து. வங்கிக்கு அது திருப்பித் தர வேண்டிய பொறுப்பு. இந்த ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொண்ட மாணவருக்கு ஐந்தொகையும் இலாப நட்டக் கணக்கும் அச்சம் தருவதில்லை.

இவற்றோடு அடக்கவிலைக் கணக்கியல், தணிக்கை, கம்பெனிச் சட்டம், வருமான வரி, சரக்கு மற்றும் சேவை வரி ஆகியனவும் பாடங்களாக உள்ளன. சட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் எப்போது செய்யப்பட்டது என்ற தடம் பதிவாக வேண்டும். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. பட்டம் பெற்ற பின்னரும் படிப்பை விடாதவரே இத்துறையில் நிலைத்து நிற்க இயலும்.

பட்டத்தோடு இணையும் பாதைகள்

முதலாவது, பட்டயக் கணக்காளர் படிப்பு. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் அடிப்படை, இடைநிலை, இறுதி என மூன்று நிலைகளில் தேர்வு நடத்துகிறது. ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற வேண்டும். 2023-இல் வந்த புதிய திட்டத்தின்படி செய்முறைப் பயிற்சிக் காலம் மூன்றாண்டிலிருந்து ஈராண்டாகக் குறைந்துள்ளது. உரிய பாடங்களுடன் வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றவர் அடிப்படைத் தேர்வை எழுதாமல் நேரடியாக இடைநிலையில் சேரலாம். 54 விழுக்காடு பெற்றவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே கல்லூரித் தேர்வுகளை அலட்சியம் செய்யலாகாது. பயிற்சிக் காலத்தில் கல்லூரிப் படிப்பையும் தொடர எண்ணுவோர் கழகத்தின் விதிகளை முன்னதாகவே படித்தறிய வேண்டும்.

இரண்டாவது, அடக்கவிலைக் கணக்காளர் படிப்பு. உற்பத்தித் தொழிற்சாலைகளில் இதற்கு மதிப்பு அதிகம். மூன்றாவது, கம்பெனிச் செயலர் படிப்பு. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளும், 10 கோடி ரூபாய்க்குக் குறையாத செலுத்திய மூலதனம் கொண்ட கம்பெனிகளும் முழுநேரச் செயலரை நியமிக்கச் சட்டம் கோருகிறது. இம்மூன்று தகுதிகளும் முதுகலைப் பட்டத்துக்கு இணையானவை எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் அறிவித்தது.

நான்காவது, வங்கி மற்றும் அரசுப் பணி. பொதுத்துறை வங்கிகளின் அதிகாரி, எழுத்தர் தேர்வுகளையும், தணிக்கைத் துறைப் பணிகளுக்கும் ஆளெடுக்கும் மத்தியப் பணியாளர் தேர்வையும் எந்தப் பட்டதாரியும் எழுதலாம். வணிகவியல் பட்டதாரிக்குத் தனி இடஒதுக்கீடு எதுவும் இல்லை. ஆனால் பணியில் சேர்ந்த பின், கடன் கேட்பவரின் ஐந்தொகையைப் படிக்க வேண்டிய மேசையில் அவர் பெற்ற பயிற்சி உடனே பயன்படும்.

ஐந்தாவது, சிறு தொழில் நிறுவனங்களில் கணக்கர் பணி. டேலி மென்பொருளிலும் வரிப் படிவங்களைத் தாக்கல் செய்வதிலும் கைப்பழக்கம் உள்ளவருக்கு இப்பணி எளிதில் அமைகிறது. தொடக்க ஊதியம் குறைவாக இருப்பினும் அனுபவம் விரைவில் சேரும்.

ஓர் இளைஞரின் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர், கடன் தவணையைத் தள்ளிவைக்க இயலுமா என்று கேட்டு எங்கள் கிளைக்குத் தம் தந்தையுடன் வந்தார். தந்தை சிறு மளிகைக்கடை நடத்துபவர். தனியார் கல்லூரி ஒன்றில், பட்டத்துடன் தொழில்முறைக் கணக்கியல் தகுதியும் கிடைக்கும் என்ற விளம்பரத்தை நம்பி, மூன்றாண்டுக்கு ஆறு லட்சம் ரூபாய் கட்டணம் செலுத்தியிருந்தார்கள். படித்து முடித்த பின்னரே, அத்தகுதி அக்கல்லூரி தானே வழங்கிய சான்றிதழ் என்பதும், எந்தத் தொழில்முறைக் கழகமும் அதனை ஏற்காது என்பதும் தெரிந்தது. தவணைக் காலத்தை நீட்டிக்க எங்களால் இயன்றது. அவருடைய மூன்றாண்டுகளை எங்களால் மீட்டுத்தர இயலவில்லை. பின்னர் அவர் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே அடக்கவிலைக் கணக்காளர் படிப்பின் இடைநிலையில் சேர்ந்தார். சேர்க்கையின்போது எவரேனும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தச் சுற்றுவழி தேவைப்பட்டிராது என்று அவருடைய தந்தை கூறியது எங்கள் நினைவில் நிற்கிறது.

ஆகவே பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டறிய வேண்டுகிறோம். பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்றதா? இணைப்புப் படிப்பை வழங்குவது எந்தக் கழகம்? எத்தனை தாள்களுக்கு விலக்கு உண்டு? அவ்விலக்கு அக்கழகத்தின் இணையதளத்திலும் காணப்படுகிறதா? வெளிநாட்டுக் கணக்காளர் தகுதிகளுக்குப் பன்னாட்டு நிறுவனங்களில் மதிப்பு உண்டு. ஆயினும் இந்தியாவில் ஒரு கம்பெனியின் சட்டப்படியான தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடும் உரிமை, இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தொழில்புரியும் உறுப்பினருக்கே உரியது.

கல்விக்கடன் பற்றி

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குக் குடும்பத்தின் பங்குத்தொகை தேவையில்லை. 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்கப்படுவதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. விண்ணப்பத்தை வித்யா லட்சுமி இணையதளத்தின் வழியே அளிக்கலாம்.

தவணை இல்லை என்பதால் வட்டியும் இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. கணக்கிட எளிதாக வட்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். ஆண்டு தொடக்கந்தோறும் ஒரு லட்சம் வீதம் மூன்றாண்டுகள் கடன் பெற்றால், நான்காம் ஆண்டின் முடிவில் முதல் லட்சத்துக்கு 40,000, இரண்டாவதற்கு 30,000, மூன்றாவதற்கு 20,000 என மொத்தம் 90,000 ரூபாய் தனிவட்டி சேர்ந்திருக்கும். திருப்பிச் செலுத்தத் தொடங்கும்போது கடன் 3,90,000 ரூபாய். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதந்தோறும் கட்டிவரும் குடும்பத்துக்கு இச்சுமை இராது. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போர் செலுத்திய வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வருமான வரியில் கழிவு கோரலாம்.

அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ இடம் கிடைத்தால், கட்டணத்தில் மிச்சமாகும் தொகை தொழில்முறைத் தேர்வுக்கான செலவை ஈடுசெய்யக்கூடும். கடன் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் காட்டிலும் எவ்வளவு தேவை என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும்.

கடன் விண்ணப்பத்துக்காகக் கிளைக்கு வரும்போது பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். கல்லூரியின் கட்டண விவரத்தையும் விளம்பர ஏட்டையும் கொண்டு வாருங்கள். கையொப்பமிடும் முன் அவற்றை உங்களோடு அமர்ந்து படித்துப் பார்ப்பதும் எங்கள் பணியே ஆகும்.