ஆறு வளைத்த ஊர்

செக் நாட்டின் செஸ்கி க்ரும்லோவ் நகரில் கோட்டையும் வீடுகளும் நூற்றாண்டுகளாக அப்படியே நிற்கின்றன. குடியிருப்பவர்கள்தான் நிலைப்பதில்லை.

கோடைக் காலத்தில் பகல் பத்து மணி தாண்டினால் போதும். சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து ஊர் எல்லையில் ஆட்களை இறக்கிவிடுகின்றன. தலைநகர் ப்ராகிலிருந்து சுமார் 170 கி.மீ. குடையை உயர்த்திப் பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஒரு கூட்டம், அதற்குப் பின்னால் இன்னொரு கூட்டம். கோட்டை, பாலம், அகழியில் உலவும் கரடிகள், ஆற்றங்கரையில் ஒரு காபி. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்து பஸ் ஆஸ்திரியா பக்கம் கிளம்பிவிடுகிறது. ஊரின் மொத்த மக்கள்தொகை சுமார் 13,000. சுற்றுலாப் பயணிகளின் கணக்கோ ஆண்டுக்கு லட்சங்களில்.

இத்தனை பேரும் பார்க்க வரும் பழைய நகரப் பகுதியில் இப்போது குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். வீடுகள் ஓட்டல்களாகிவிட்டன, தரைத்தளங்கள் நினைவுப் பொருள் கடைகளாகிவிட்டன. ஜன்னல்களில் பூந்தொட்டி இருக்கிறது. துணி காயப்போட ஆள் இல்லை.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. ஒரே நூற்றாண்டுக்குள் இரண்டாவது முறையாகக் காலியாகிறது. முதல் முறை காலி செய்தது அரசியல்.

கதை ஆற்றிலிருந்துதான் தொடங்குகிறது. செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியா பல நூற்றாண்டுகள் தனி ராஜ்யமாக இருந்த நிலம். அதன் தென்மேற்கு எல்லையில், ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் ஒட்டிக் கிடக்கும் ஷுமாவா மலைக்காடுகளில் பிறக்கிறது வில்டவா. முதலில் தென்கிழக்கே போகும் ஆறு பிறகு மனம் மாறியது போல வடக்கே திரும்பி, ப்ராகைக் கடந்து, சுமார் 430 கி.மீ. ஓடி எல்பே நதியில் கலக்கிறது. அப்படி வடக்கே திரும்பிய சற்று நேரத்தில், பாறைகளுக்கு நடுவே வழி தேடிப் பாம்பு போல நெளியும் இடத்தில் இருக்கிறது க்ரும்லோவ்.

நெளிவு என்றால் சாதாரண நெளிவல்ல. ஆறு ஏறக்குறைய முழு வட்டம் போட்டுவிடுகிறது. அந்த வட்டத்துக்குள் சந்தைச் சதுக்கமும் செயின்ட் வீட்டஸ் தேவாலயமும் குறுகலான தெருக்களும் அடங்கிவிடுகின்றன. எதிர்க்கரையில் செங்குத்தான பாறை முதுகின் மேல் நீண்டு கிடக்கிறது கோட்டை. பாறைக்கும் தண்ணீருக்கும் இடையில் கிடைத்த துண்டு நிலத்தில் லாட்ரான் என்ற குடியிருப்பு முளைத்தது. கோட்டையில் வேலை செய்தவர்கள் வாழ்ந்த இடம் அது. பெரும்பகுதி அகழியை ஆறே வெட்டிக் கொடுத்துவிட்டது. வளைந்த புல்வெளி என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களிலிருந்துதான் ஊரின் பெயரும் வந்தது. ஜெர்மன்காரர்களுக்கு க்ரூமாவ், செக் மக்களுக்கு க்ரும்லோவ். முன்னால் நிற்கும் ‘செஸ்கி’க்கு பொஹீமியாவைச் சேர்ந்தது என்று அர்த்தம்.

கோட்டை முதன்முதலில் ஆவணத்தில் தலைகாட்டுவது 1253-ல். அதைக் கட்டிய விட்கோவ் குலத்தின் க்ரும்லோவ் கிளை 1302-ல் வாரிசின்றி அற்றுப்போக, உறவுக் கிளையான ரோசன்பர்க் குடும்பத்தின் கைக்கு ஊர் வந்தது. சரியாக 300 ஆண்டுகள் அவர்கள் ராஜ்யம். ஐந்து இதழ் ரோஜா அவர்களின் சின்னம். மன்னருக்கு அடுத்தபடி பொஹீமியாவில் தாங்கள்தான் என்ற நினைப்பு அவர்களுக்கு இருந்தது. நினைப்பு பெரிதாகத் தவறும் அல்ல. 16-ம் நூற்றாண்டில் வில்லெம் ரோசன்பர்க் இடைக்காலக் கோட்டையாக இருந்த இடத்தை இத்தாலிய பாணி மாளிகையாக மாற்றினார். தங்கம் செய்வதாகச் சொன்ன ரசவாதிகளுக்கும் பணத்தை வாரி இறைத்தார். தங்கம் வரவில்லை, கடன் வந்தது. 1602-ல் அவருடைய தம்பி பெட்ர் வோக் ஊரையே பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு விற்றுவிட்டு வெளியேறினார்.

பேரரசர் இந்த மாளிகைக்கு அனுப்பியது, முறைப்படி மணக்காத உறவில் பிறந்து மனநிலை குலைந்திருந்த மகன் டான் ஜூலியஸை. ஊர் நாவிதரின் மகள் மார்கெட்டா அவன் வசம் சிக்கினாள். 1608 பிப்ரவரியில் அவளைக் குத்திக் கொன்று உடலைச் சிதைத்தான் அவன். பேரரசரின் மகனைத் தூக்கிலா போடுவார்கள்? அடைத்து வைத்தார்கள். அடுத்த ஆண்டு அங்கேயே செத்துப்போனான். இன்றும் வழிகாட்டிகள் குரலைத் தாழ்த்திச் சொல்லும் கதை இதுதான்.

1622-ல் எகன்பர்க் குடும்பம், 1719-ல் ஷ்வார்சன்பர்க் குடும்பம் என்று சொந்தக்காரர்கள் மாறினார்கள். எகன்பர்க்குகள் விட்டுச்சென்றதில் ஒரு தங்க முலாம் பூசிய ரதம் இருக்கிறது. 1638-ல் போப்பாண்டவரைப் பார்க்கப் போவதற்காக ரோமில் செய்த வண்டி. ஓடியது ஒரே ஒரு முறை. பெரிய மனிதர்களின் செலவுகளில் இது ஒரு ரகம்.

ஆனால் இவர்கள் செய்த ஒரு செலவு வீண்போகவில்லை. கோட்டையின் ஐந்தாவது முற்றத்தில் இருக்கும் நாடக அரங்கம் அது. 1766-ல் இப்போதைய வடிவம் பெற்ற இந்த அரங்கில் மேடை, திரைச்சீலைகள், தீட்டப்பட்ட காட்சித் தட்டிகள், நடிகர்களின் உடைகள், இடியோசை எழுப்பும் கருவி எல்லாமே அந்தக் காலத்தவை. மேடைக்கு அடியில் இறங்கினால் கப்பலின் வயிற்றுக்குள் நுழைந்தது போல இருக்கும். கயிறுகள், மர உருளைகள், ராட்டினம். ஆட்கள் சேர்ந்து நடுத்தண்டைச் சுற்றினால் மேலே காடு மறைந்து சிறைச்சாலை வரும், சில விநாடிகளில், திரையை இறக்காமலே. இத்தனை முழுமையாகப் பிழைத்திருக்கும் 18-ம் நூற்றாண்டு அரங்குகள் உலகில் அபூர்வம். ஸ்வீடனின் ட்ராட்னிங்ஹோம் அரண்மனை அரங்கைத்தான் இதற்கு இணையாகச் சொல்வார்கள். 1966-ல் மூடப்பட்ட க்ரும்லோவ் அரங்கம் பொறுமையான பழுதுபார்ப்புக்குப் பிறகு 1997-ல்தான் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே முகமூடி நடன மண்டபம். 1748-ல் அதன் சுவர்களில் கோமாளிகளையும் சீமாட்டிகளையும் தீட்டிய யோசஃப் லெடரர், கூட்டத்தில் காபி குடிக்கும் ஆளாகத் தன்னையும் வரைந்துவைத்துவிட்டார்.

இவை பிழைத்ததற்குக் காரணம் யாருடைய அக்கறையும் அல்ல. 19-ம் நூற்றாண்டில் ஷ்வார்சன்பர்க்குகள் வேறு மாளிகைகளில் வாழப் போய்விட்டார்கள். புதிய மோஸ்தருக்கு இடித்துக் கட்ட இங்கே ஆளில்லை. மலையடிவார ஊர் மெதுவாகத் தூங்கிப்போனது.

அந்தத் தூக்கத்தைத்தான் எகோன் ஷீலே வரைந்தார். வியன்னாவின் ஓவியர். அம்மா பிறந்த ஊர் இது. 1911-ல் தன் காதலியும் மாடலுமான வாலியுடன் வந்து ஆற்றங்கரை வீட்டில் குடியேறியபோது அவருக்கு வயது 20. மணமாகாத ஜோடி, வீட்டுக்கு வந்துபோகும் இளம் மாடல்கள், தோட்டத்தில் ஒரு பெண்ணை நிர்வாணமாக நிற்கவைத்து வரைந்த விவகாரம்... சில மாதங்களில் ஊர் அவரைத் துரத்திவிட்டது. ஷீலே கோபித்துக்கொள்ளவில்லை. பிறகும் வந்து, கோட்டைக் குன்றிலிருந்து கீழே பார்த்து, கரிய ஆறு சுற்றிவளைத்த வீட்டுக் கூட்டத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அவற்றில் பலவற்றில் மனிதர்களே இல்லை. சிலவற்றுக்கு ‘இறந்த நகரம்’ என்றே பெயர். 1918-ல் ஸ்பானிஷ் காய்ச்சல் அவரை 28 வயதில் கொண்டுபோனது. துரத்திய ஊரில் 1993 முதல் அவர் பெயரில் கலை மையம் இருக்கிறது, டிக்கெட்டும் விற்கிறது.

ஷீலேயைத் துரத்தியவர்கள் பேசியது ஜெர்மன். 1910 கணக்கெடுப்பின்படி ஊரில் 8,600 பேருக்கு மேல். அதில் 7,300-க்கும் அதிகமானவர்கள் ஜெர்மன்காரர்கள், செக் மக்கள் 1,300-ஐ ஒட்டி. ஆஸ்திரியப் பேரரசு இருந்தவரை இது பெரிய பிரச்னையாகவில்லை. 1918-ல் செக்கோஸ்லோவாகியா பிறந்ததும் பெரும்பான்மையினர் ஒரே நாளில் சிறுபான்மையினர் ஆனார்கள். 20 ஆண்டுகள் கழித்து, 1938 மியூனிக் ஒப்பந்தம் எல்லைப்புறப் பகுதிகளை ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்தபோது க்ரும்லோவும் ஜெர்மனியோடு சேர்ந்தது. செக் மக்களில் பலர் மூட்டை கட்டினார்கள்.

1945 மே மாதம் அமெரிக்கப் படை ஊருக்குள் வந்தது. இப்போது மூட்டை கட்டும் முறை ஜெர்மன்காரர்களுடையது. செக்கோஸ்லோவாகியா முழுவதிலும் சுமார் 30 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். நாஜிகளோடு கைகோத்தவர்களும் இருந்தார்கள், யாருக்கும் தீங்கு செய்யாதவர்களும் இருந்தார்கள். ரயில் பெட்டிகளில் வித்தியாசம் பார்க்கப்படவில்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டை விட்டு, கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். நாஜிகளை வெளிப்படையாக எதிர்த்த அடால்ஃப் ஷ்வார்சன்பர்க்குக்கும் தப்பில்லை. 1940-ல் அவர் சொத்தைப் பறித்தது கெஸ்டபோ. 1947-ல் அந்தக் குடும்பத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டு மறுபடி பறித்தது செக்கோஸ்லோவாக் அரசு.

காலி வீடுகளுக்கு உள்நாட்டிலிருந்து செக் மக்களும், ஸ்லோவாகியாவிலிருந்து ரோமா எனப்படும் ஜிப்ஸிக் குடும்பங்களும் வந்தார்கள். யாருக்கும் அந்தச் சுவர்களோடு பந்தம் இல்லை. 1948-க்குப் பிறகு கம்யூனிஸ்ட் அரசிடம் பழுதுபார்க்கப் பணமும் இல்லை. கூரைகள் ஒழுகின, காரை உதிர்ந்தது, மேல்பக்கத்துக் காகித ஆலையின் கழிவு ஆற்றில் கலந்தது. 1963-ல் அரசு பழைய நகரத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. அறிவிப்பு கூரையை அடைக்கவில்லை. ஆனால் கான்கிரீட் பெட்டிகள் உள்ளே நுழையாமல் தடுத்தது.

1989 நவம்பரில் அந்த ஆட்சி விழுந்தபோது உலகம் கண்டது, வறுமை பாதுகாத்துவைத்த முழு நகரம். சுமார் 300 பழைய கட்டடங்கள். 1992-ல் ப்ராகோடும் டெல்ச்சோடும் சேர்த்து க்ரும்லோவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. வெள்ளையடித்தார்கள், ஓடு மாற்றினார்கள், ஆறும் சுத்தமானது. முன்பு மலை மரங்களைத் தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்ட ஆற்றில் இப்போது கோடை முழுக்க ரப்பர் படகுகளும் பீர் பாட்டில்களுமாக இளைஞர்கள். 2002 ஆகஸ்டில் ஆறு பழைய குணத்தைக் காட்டி இரண்டு முறை பெருகி வீடுகளுக்குள் புகுந்தது. மேலே 1950-களில் கட்டிய லிப்னோ அணை இருந்தும் தடுக்க முடியவில்லை. ஊர் கழுவித் துடைத்துக்கொண்டு மறுபடி கடை திறந்தது.

வாடகை ஏறியது. வீட்டை ஓட்டலாக்கினால் வருமானம், குடியிருந்தால் செலவு. மளிகைக் கடையும் செருப்புத் தைப்பவரும் போய், கண்ணாடிப் பொருட்களும் ரஷ்ய பொம்மைகளும் வந்தன. உள்ளூர்வாசிகள் ஆற்றுக்கு அப்பால் உள்ள அடுக்குமாடிகளுக்கு நகர்ந்தார்கள். இந்த முறை யாரும் யாரையும் ரயிலில் ஏற்றவில்லை. நல்ல விலை கொடுத்தார்கள், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. விளைவு என்னவோ ஒரே மாதிரி வீடுகள்தான், உள்ளே ஆள் இல்லாமல்.

இதைக் கேலி செய்தே காட்டினார் செக் கலைஞர் கதெரீனா ஷெடா. 2018 கோடையில் சில குடும்பங்களைப் பழைய நகரத்தில் குடிவைத்தார். அவர்கள் செய்ய வேண்டிய வேலை: சாதாரணமாக வாழ்வது. துணி காயப்போடுவது, தெருவில் பிள்ளைகளை விளையாடவிடுவது, அண்டை வீட்டாரோடு பேசுவது. இதற்குச் சம்பளம். திட்டத்தின் பெயர் ‘யுனெஸ்-கோ’. செக் மொழியில் ‘எதைத் தூக்கிக்கொண்டு போவது?’ என்று அதைப் பிரித்துப் படிக்கலாம். வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் செக் அரங்கில் இடம்பெற்றதே இந்தத் திட்டம்தான். உள்ளூரில் சிரித்தவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு.

2019-ல் நகர நிர்வாகம் சுற்றுலா பஸ்களுக்கு முன்பதிவும் கட்டணமும் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கொரோனா வந்து எல்லைகள் மூடியபோது கட்டணம் வசூலிக்க பஸ்ஸே இல்லை. கூட்டத்தைச் சபித்தவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது, கூட்டம் இல்லாவிட்டால் வருமானத்துக்கு ஊரிடம் வேறு வழி அதிகம் இல்லை என்று.

யுனெஸ்கோவுடனும் நீண்ட நாள் மல்லுக்கட்டு உண்டு. கோட்டைத் தோட்டத்தில் பார்வையாளர் இருக்கைகளே சுழலும் திறந்தவெளி அரங்கம் ஒன்று இருக்கிறது. 1958-ல் 60 இருக்கைகளோடு, ஆட்கள் தள்ளிச் சுற்றும் மேடையாகத் தொடங்கியது. இப்போது 600 பேருக்கு மேல் உட்காரலாம், மின்சாரம் சுற்றுகிறது. பழைய தோட்டத்தின் அழகைக் கெடுக்கிறது, அகற்றுங்கள் என்கிறது யுனெஸ்கோ. செக் மக்களுக்கோ கோடை இரவில் அங்கே நாடகம் பார்ப்பது தலைமுறைப் பழக்கம். 1945-க்குப் பிறகு வந்தவர்கள் இந்த ஊரில் தாங்களே உண்டாக்கிக்கொண்ட ஒரு பாரம்பரியம் என்றால் அது இதுதான். அதைப் பாரம்பரியத்தின் பெயரால் எடு என்றால் எப்படி?

போனவர்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் கோட்டைக்குப் போக வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி, யோசஃப் சீடல் என்ற போட்டோகிராபர் தன் வீட்டோடு கட்டிய ஸ்டுடியோ 2008 முதல் அருங்காட்சியகம். அவரும் அவர் மகனும் சேர்ந்து 20-ம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க ஊர்க்காரர்களையும் ஷுமாவா கிராமத்தார்களையும் படம் பிடித்தார்கள். ஆயிரக்கணக்கான கண்ணாடி நெகட்டிவ்கள் பத்திரமாக இருக்கின்றன. மணமக்கள், மரவெட்டிகள், முதல் நன்மைக்குப் போகும் சிறுமிகள். பெரும்பாலும் ஜெர்மன் பேசியவர்கள். பயணிகள் விரும்பினால் அதே ஸ்டுடியோவில், அதே கண்ணாடிக் கூரை வெளிச்சத்தில், தாங்களும் ஒரு படம் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பலாம்.