பிறந்த பிள்ளையின் உடலில் இரத்தப் புள்ளிகள்: சிறுதட்டு வகையை அறிவோம்

காணியையும் வீட்டையும் விட்டு இடம்பெயரும் குடும்பம் கையில் எடுத்துச் செல்பவை சில பொருட்களே. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது மக்களுக்கு அதற்கும் நேரம் இருக்கவில்லை. கிளினிக் அட்டைகளும் வீடுகளோடு அழிந்தன. அந்த அட்டையில் எழுதப்படும் இரண்டு வரி அடுத்த பிள்ளையின் உயிரைக் காக்கக்கூடும். அப்படியான ஒரு விடயத்தை இங்கு விளக்குகிறோம்.

சிறுதட்டு என்றால் என்ன?

டெங்குக் காய்ச்சல் வந்த வீடுகளில் “பிளேட்லெட் குறைந்துவிட்டது” என்று பேசக் கேட்டிருப்பீர்கள். பிளேட்லெட் என்பதே குருதிச் சிறுதட்டு. வரம்பு உடைந்த இடத்தில் மண் போட்டு அடைப்பதுபோல, இரத்தம் கசியும் இடத்தை இவை அடைக்கின்றன. என்பு மச்சையில் உள்ள பெரிய கலங்களிலிருந்து துண்டுகளாகப் பிரிந்து வரும் இவை ஏழு முதல் பத்து நாட்கள் வாழும். ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருக்கும்.

சிவப்பு அணுக்களுக்கு ஏ, பீ, ஓ என்ற வகைகள் இருப்பதுபோல் சிறுதட்டுக்களுக்கும் வகைகள் உண்டு. மேற்பரப்பிலுள்ள புரதங்களில் காணப்படும் சிறு வேறுபாடுகளே இவ்வகைகளை உண்டாக்குகின்றன. இவற்றுள் முக்கியமான ஒன்றை 1959இல் ஒல்லாந்து ஆய்வாளர் விவரித்தனர்.

தாய்க்குப் பொருந்தாத அடையாளம்

பிள்ளை தந்தையிடமிருந்து பெறும் அடையாளம் தாயிடம் இல்லாதிருக்கலாம். அப்போது சில தாய்மாரின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதிப் பிறபொருளெதிரிகளை ஆக்கும். அவை சூல்வித்தகம் வழியே சென்று பிள்ளையின் சிறுதட்டுக்களை அழிக்கும். பிள்ளை சிவப்புப் புள்ளிகளோடும் நீலத் தழும்புகளோடும் பிறக்கும். சில வேளை மூளையிலும் இரத்தம் கசியும். தாயோ நலமாகவே இருப்பார். ஐரோப்பிய நாடுகளில் ஏறக்குறைய ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் இது நிகழ்கிறது. முதற் பிள்ளைக்கே வரலாம். அதே அடையாளத்தைப் பெறும் அடுத்த பிள்ளைக்குப் பெரும்பாலும் திரும்ப வரும், சில வேளை கடுமையாகவும் வரும். இது தாயின் குற்றமுமல்ல, கண்ணூறுமல்ல.

நாற்றிலே தெரியும் நெல்லின் நிறம்

சிறுதட்டுக்குக் கரு இல்லை. அப்படியானால் அதன் பரம்பரையலகை எங்கே பார்ப்பது? கதிர் முற்றிய பிறகே நெல்மணியின் நிறம் நம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்நிறத்துக்கான குறிப்பு நாற்றின் இலையிலும் உண்டு. அதுபோல் சிறுதட்டு வகைக்கான பரம்பரையலகு உடலில் கருவுள்ள கலங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆகவே வெள்ளணுவிலிருந்தோ கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்த கலங்களிலிருந்தோ வகையைக் கண்டறியலாம். தந்தையிடம் அந்த அலகு இரட்டையாக இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது போகும். ஒற்றையாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு.

குறிப்பு எல்லாக் கலங்களிலும் இருந்தாலும், புரதம் சிலவற்றில் மட்டுமே உருவாகும். சீடீ 36 என்ற புரதம் சிறுதட்டிலும், ஒருவகை வெள்ளணுவிலும், இதயத் தசையிலும் காணப்படும். கிழக்காசியாவிலும் ஆபிரிக்காவிலும் சிலரிடம் இது இல்லை. சிறுதட்டில் மட்டும் இல்லாதவருடைய உடல் வேறு கலங்களில் அதைக் கண்டு பழகியிருக்கும். ஆகவே எதிர்க்காது. எங்குமே இல்லாதவருடைய உடல்தான் எதிர்க்கும். இதனால் ஏற்றிய சிறுதட்டு பயன்படாமற் போன ஒரு நோயாளியைப் பற்றி 1989இல் யப்பானில் அறிவித்தார்கள்.

நம் அயலிலே

அடையாளம் மாறாமல், அதைத் தாங்கும் புரதமே குறைந்து அல்லது இல்லாமற் போகும் பரம்பரை நோயும் உண்டு. கிளான்ஸ்மன் நோய் என்பது அதன் பெயர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1981இல் தென்னிந்தியாவைச் சேர்ந்த 42 நோயாளரைப் பற்றி எழுதினார்கள். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான அலகு வந்தாலே இந்நோய் உண்டாகும். ஆகவே மச்சான் மச்சாள் கலியாணம் வழமையான குடும்பங்களில் இது கூடுதலாகத் தென்படும். சிறுதட்டின் எண்ணிக்கை சரியாக இருந்தும் மூக்கிலும் முரசிலும் இரத்தம் வடியும். பெரியபிள்ளையான பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்காது. முன்னர் சொன்ன பொருந்தாமைக்கோ சொந்தத்தில் முடிப்பது காரணமல்ல.

நாம் செய்ய வேண்டியவை

1. பிறந்த பிள்ளையின் உடலில் புள்ளியோ தழும்போ கண்டால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

2. முன்னைய பிள்ளைக்கு இப்படி நேர்ந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே குடும்பநல மாதுவிடம் சொல்லி அட்டையில் எழுதுவியுங்கள். பொருத்தமான சிறுதட்டை முன்கூட்டியே தேட வைத்தியருக்கு அவகாசம் கிடைக்கும். தாய்க்கு ஊசி மூலம் கொடுக்கும் மருந்தும் உண்டு.

3. இரத்தம் எளிதில் வடியும் பிள்ளைக்கு அஸ்பிரின், இபுபுறூபன் கொடுக்க வேண்டாம். கடையில் மருந்து வாங்குமுன் கேளுங்கள்.

4. அட்டையைப் பொலித்தீன் உறையில் இட்டு, காணி உறுதியோடும் அடையாள அட்டையோடும் சேர்த்து வையுங்கள். அதில் உள்ளதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். அட்டை தொலைந்தாலும் புதிய இடத்தின் கிளினிக்கில் முதல் நாளே அவர் அதைச் சொல்லலாம்.