கார் கண்ணாடி ஏற மாட்டேங்குதா? முதலில் காது கொடுத்துக் கேளுங்க!

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நேரம். எண்ணூர் பெரியகுப்பம் கடலோரத்தில் அமோனியாக் குழாய் கசிந்து, கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக மக்கள் வீட்டைவிட்டு ஓடிய அந்த இரவை வடசென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எர்ணாவூரிலிருந்து நாங்களும் கிளம்பினோம். வீசிங் தொந்தரவு உள்ள அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து, ராயபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று காரை எடுத்தால், அவர் பக்கத்துக் கண்ணாடி பாதியில் நிற்கிறது. சுவிட்சை இழுத்தால் கதவுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அப்பாவைப் பின்சீட்டுக்கு மாற்றிவிட்டு, அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார். ராயபுரம் போய்ச் சேரும்வரை அந்த இடைவெளியில் ஈரத்துண்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அந்தக் கண்ணாடி அன்றைக்குத் திடீரென்று கெட்டுப்போகவில்லை. மூன்று மாதமாகவே முக்கி முனகித்தான் ஏறிக்கொண்டிருந்தது. 'கையால தூக்கிவிட்டா ஏறுதுல்ல, பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டது நான்தான்.

பதினைந்து வருடம் ஓடிய எந்தக் காருக்கும் இந்தத் தொல்லை வரும். ஆனால் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்குச் சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. ஒரு பக்கம் உப்புக்காற்று. இன்னொரு பக்கம் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. போதாததற்கு அனல் மின் நிலையச் சாம்பல். உப்பு வயரைத் தின்கிறது; புழுதி கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது.

கதவுக்குள் இருப்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. ஒரு சின்ன மோட்டார், அது சுற்றும் கம்பிக்கயிறு, அந்தக் கயிறு தூக்கும் கண்ணாடி. கிணற்று ராட்டினம் மாதிரிதான். சில கார்களில் கயிற்றுக்குப் பதில் கத்தரிக்கோல் போல விரியும் இரும்புக் கைகள் இருக்கும். இந்தத் தூக்கும் அமைப்புக்குத்தான் ரெகுலேட்டர் என்று பெயர். எதில் கோளாறு என்பதைப் பெரும்பாலும் கதவைப் பிரிக்காமலேயே கண்டுபிடித்துவிடலாம்.

நான்கு கண்ணாடியும் ஒரே நேரத்தில் வேலை செய்யவில்லையா? மோட்டாரைச் சந்தேகப்படாதீர்கள். நான்கு மோட்டாரும் ஒரே நாளில் சாகாது. ஃபியூஸைப் பாருங்கள், அது சரியாக இருந்தால் ரிலேவை. எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கூடுதல் ஆம்பியர் போடுவதும், கம்பியைச் சுற்றிவிடுவதும் காருக்குத் தீ வைக்கும் வழி. பின்பக்கக் கண்ணாடிகள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், டிரைவர் பக்கமுள்ள லாக் பட்டனைப் பாருங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பாதி 'ரிப்பேர்' அதுதான்!

ஒரு கண்ணாடி மட்டும் மக்கர் செய்கிறதா? டிரைவர் பக்க சுவிட்சில் ஒரு முறை, அந்தக் கதவிலேயே உள்ள சுவிட்சில் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ஒன்றில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாவிட்டால், கோளாறு அனேகமாகச் சுவிட்சில்தான். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்தாலே பல நேரம் உயிர் வந்துவிடும்.

இரண்டிலும் வேலை செய்யவில்லை என்றால், ரேடியோவை அணைத்துவிட்டுக் கதவில் காதை வையுங்கள். 'விர்ர்' என்று மோட்டார் ஓடியும் கண்ணாடி அசையவில்லை என்றால், ரெகுலேட்டர் கயிறு அறுந்திருக்கிறது, அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் கிளிப் உடைந்திருக்கிறது. மோட்டார் நன்றாக இருக்கிறது என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி. 'டக்' என்று மட்டும் கேட்டால், மின்சாரம் வருகிறது, ஆனால் மோட்டாரோ கண்ணாடியோ இறுகிக் கிடக்கிறது. சத்தமே இல்லையா? காரின் உள்விளக்கைப் போட்டுவிட்டு சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மோட்டார் வரை மின்சாரம் போகிறது என்று அர்த்தம். மங்கவே இல்லை என்றால், கதவும் பாடியும் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் குழாயை விலக்கிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடிய கதவு, வயரை அங்கேதான் முறிக்கும். எங்கள் பக்கத்துக் கார்களில் முறியாத வயரும் பச்சைப் பச்சையாகக் களிம்பேறிக் கிடக்கும்.

நடுவழியில் நின்றுவிட்டால் ஒரு வழி இருக்கிறது. ஒருவர் சுவிட்சை இழுத்துப் பிடித்திருக்க, இன்னொருவர் கண்ணாடியின் இருபுறமும் உள்ளங்கையை வைத்து மேலே தூக்க வேண்டும். மோட்டார் இருக்கும் இடத்தில், கதவில் கையால் இரண்டு தட்டு தட்டினாலும் சில நேரம் ஓடும். திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். சூடேறினால் பல மோட்டார்கள் தாமாகவே நின்றுவிடும். சில நிமிடம் ஆறவிட வேண்டும். விரல்களைக் கண்ணாடியின் மேல்விளிம்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

எங்கள் காருக்கு வருகிறேன். முதலில் காட்டிய இடத்தில், கதவுக்குள் உள்ள எல்லாவற்றையும் புதிதாக மாற்ற வேண்டும் என்றார்கள். தண்டையார்பேட்டையில் தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். டோர் பேடைக் கழற்றியவர், என்னை அழைத்துக் காட்டினார். கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்கில் புழுதி சிமென்ட் போல இறுகியிருந்தது. மோட்டார் மூன்று மாதமாக அதோடு மல்லுக்கட்டியிருக்கிறது. கதவின் அடியில் தண்ணீர் வடிய வேண்டிய துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தன. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் தெருவில் நின்ற காருக்குள் புகுந்த தண்ணீர் வடிய வழியில்லாமல் மோட்டாரைத் துருப்பிடிக்க வைத்திருக்கிறது. முன்பு எப்போதோ ஸ்பீக்கர் மாட்டியவர்கள், டோர் பேடுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்து எறிந்திருந்தார்கள். மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பதே அந்த ஷீட்தான். இதை யாரும் நம்மிடம் சொல்வதில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

ரெகுலேட்டர் நன்றாகவே இருந்தது. மோட்டார் மட்டும்தான் போயிருந்தது. புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய மோட்டார் வாங்கினேன். நீங்கள் போனால் கழற்றிய மோட்டாரைக் கையோடு கொண்டுபோங்கள். இடது கதவுடையது வலது கதவுக்குப் பொருந்தாமல் போகலாம். காசு கொடுப்பதற்கு முன் பேட்டரியில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுற்றும் மோட்டார், கண்ணாடியை இறக்கும், ஏற்றாது.

பிரிக்கும் வேலையை நீங்களே செய்வதாக இருந்தால், கண்ணாடியை மேலே தூக்கி, டேப் போட்டுக் கதவுச் சட்டத்தோடு ஒட்டிவிட்டுத்தான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி சரிந்து விரலில் விழும். பீடிங்கை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிகான் ஸ்பிரே அடித்தால் போதும். சிலர் கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவுகிறார்கள். அது ரப்பரைக் கெடுப்பதோடு, இன்னும் புழுதியைச் சேர்க்கும்.

பழைய கார்களில் சுவிட்சைக் கீழே அழுத்தினாலே கண்ணாடி ஏறும் மாடல்கள் உண்டு. வெளியே எட்டிப் பார்க்கும் குழந்தையின் முட்டி அதில் பட்டால் போதும், கழுத்தில் கண்ணாடி ஏறிவிடும். ரிப்பேர் முடிந்து கண்ணாடி வேகமாக ஏற ஆரம்பித்த பிறகு இந்த ஆபத்து கூடுகிறது. பேரன் பேத்திகள் காரில் இருந்தால் லாக் பட்டனைப் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிடமானாலும் சாவியைக் காரில் விட்டு இறங்காதீர்கள்.

புது மோட்டார் போட்ட அன்று அப்பாவை அழைத்துக்கொண்டு திருவொற்றியூர் கோயில் வரை ஒரு சுற்று போய்வந்தோம். ஏறி உட்கார்ந்ததும் அவர் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றிப் பார்த்தார். இப்போதும் காரில் ஏறினால் அவருக்கு முதல் வேலை அதுதான். சீட் பெல்ட் அதற்கப்புறம்தான்.