பெரிய எண்ணும் சிறிய செயலியும்

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மேற்குக் கோடியில் நின்று நோக்கினால், காவிரியாறு இரண்டாகப் பிரிந்து, அத்தீவை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு ஓடுவதைக் காணலாம். கிழக்கே சங்கமம் என்னும் இடத்தில் அவ்விரு கிளைகளும் மீண்டும் ஒன்றாகின்றன. கிருஷ்ணராஜசாகர் அணையினின்றும் இறங்கிவரும் இந்நீரே சிவசமுத்திரத்தையும் மேட்டூரையும் கடந்து திருவரங்கத்தை அடைகின்றது என்பதை, மைசூரிலும் பெங்களூரிலும் வாழும் நம் நேயர்கள் நினையாதிருப்பதில்லை.

இந்நீருக்குக் கணக்கு உண்டு. உச்சநீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பின்படி, சாதாரண ஆண்டொன்றில் எல்லைப்புறத்துப் பிலிகுண்டுலு அளவு நிலையத்தில் 177.25 டி.எம்.சி. நீர் தமிழகத்துக்கு வந்து சேரவேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. இத்தகைய பேரெண்களைச் சிறிய, பழைய கணிப்பொறி ஒன்று பிழையின்றிக் கணக்கிடுவது எங்ஙனம் என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

32-பிட் செயலி எனப்படுவது, 0 அல்லது 1 மட்டும் நிற்கக்கூடிய 32 இடங்களைக் கொண்ட எண்ணையே ஒரு தடவையில் கையாளவல்லது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 ஆகும். விநாடிக்கு 50,000 கன அடி வீதம் ஒரு முழு நாள் நீர் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு நாளில் 86,400 விநாடிகள். இரண்டையும் பெருக்கினால் 432 கோடி கன அடி. கொள்ளளவை இது சற்றே மீறிவிடுகின்றது. மீறியதும் செயலி அலறுவதில்லை. மேலே வழிந்ததை விட்டுவிட்டு, எஞ்சிய 2 கோடியே 50 லட்சத்து 32 ஆயிரத்து 704 என்பதையே விடையாகத் தருகின்றது. ஒரு நாள் வெள்ளம் ஏட்டில் ஓடைநீராகச் சுருங்கிவிடும் அன்றோ?

இதற்குப் பரிகாரம் எண்ணை 64 பிட்டுகளாக விரித்து, கீழ்ப்பாதி, மேற்பாதி என இரண்டாகப் பகுத்துக்கொள்வதே. இரண்டிலக்கக் கூட்டல் மட்டும் அறிந்த சிறுவன் 4,780-ஐயும் 2,650-ஐயும் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் 80-ம் 50-ம் சேர்ந்து 130. 30-ஐ எழுதிக் கையில் 1 வைத்துக்கொள்கிறான். பின்னர் 47, 26, கையிலுள்ள 1 ஆகிய மூன்றும் சேர்ந்து 74. விடை 7,430. ஆற்றின் இரு கிளைகள் ஒன்றையொன்று எதிர்பாராமல் ஓடும். எண்ணின் இரு பாதிகள் அவ்வாறல்ல. கீழ்ப்பாதி முடிந்து, அதன் கையிருப்பு மேலே சென்றால்தான் கணக்கு நிறைவுறும்.

நாம் எழுதும் நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். மேற்சொன்ன பகுப்பு முழுவதும் அதன் பொறுப்பு. 1985-இல் வெளிவந்த இன்டெல் 80386 போன்ற செயலிகளில் கையிருப்பைக் குறித்துவைக்கத் தனி அடையாளம் உண்டு. ஆகையால் இரண்டே கட்டளைகளில் கூட்டல் முடியும். ஆனால் அவ்விரண்டுக்கும் இடையே, அடையாளத்தை அழிக்கும் வேறு கட்டளை எதுவும் புகாதவாறு கம்பைலர் காவல் இருக்கவேண்டும். மிப்ஸ் செயலிகளிலும், சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகள் பின்பற்றும் ரிஸ்க்-வி முறையிலும் அத்தகைய அடையாளமே இல்லை. அங்கே கூட்டுத்தொகை, கூட்டப்பட்ட எண்ணைவிடக் குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தே கையிருப்பை அறிகின்றனர். கட்டளைகள் நான்காகின்றன.

பெருக்கலில் சிக்கனம் மேலும் இன்றியமையாதது. இரண்டு 64-பிட் எண்களைப் பெருக்கி 64-பிட் விடை பெற, பாதிகளைக்கொண்டு மூன்று பெருக்கல்கள் வேண்டும். மேற்பாதிகள் இரண்டையும் தம்முள் பெருக்கும் நான்காவது, விடையின் எல்லைக்கு அப்பால் விழுவதால் தேவையில்லை. ஆனால் நம் எடுத்துக்காட்டில் 50,000, 86,400 ஆகிய இரண்டுமே சிறிய எண்கள். அவற்றின் மேற்பாதி வெறும் சுழியே. அதனைக் கண்டுகொள்ளும் கம்பைலர் ஒரே பெருக்கலோடு வேலையை முடித்துவிடும். காணாத கம்பைலர் எண்ணைச் சுழியால் பெருக்கிப் பொழுதைப் போக்கும். எண்ணைப் பிரிக்காத ஒரே பொட்டலமாகக் கடைசிவரை வைத்திருந்தால், அதன் ஒரு பாதி வெறுமை என்பது தெரியாது. ஆகவே உரிய காலத்தில் முன்கூட்டியே பிரித்துப் பார்ப்பது நல்ல கம்பைலரின் இலக்கணமாகும்.

இடநெருக்கடியும் ஒன்று உண்டு. 80386-இல் பொதுப் பதிவகங்கள் எட்டு. ஒன்று அடுக்கைச் சுட்டுவதற்குப் போக, எஞ்சுவன ஏழு. இரண்டு பேரெண்களே அவற்றுள் நான்கைப் பிடித்துக்கொள்ளும். 1976-ஆம் ஆண்டின் 8085 என்னும் எட்டு-பிட் செயலியிலோ, கணக்குக்குரிய சிற்றறைகள் ஏழே. ஒரு பேரெண்ணுக்கு வேண்டுவன எட்டு. வெறுமையான பாதியை நீக்கினால் மிஞ்சும் ஒவ்வோர் அறையும், நினைவகத்துக்குச் சென்று திரும்பும் அலைச்சலைக் குறைக்கும்.

வகுத்தலே யாவற்றினும் கடினம். ஒவ்வொரு பிட்டாகக் கழித்துப் பார்க்கும் எளிய முறை 64 சுற்றுகள் சுழலும். ஆனால் வகுக்கும் எண் 86,400 போல மாறாததாயின், அதன் தலைகீழ் மதிப்பை முன்னரே கணித்து, வகுத்தலைப் பெருக்கலாக மாற்றிவிடலாம். கிரான்லண்ட், மான்ட்கோமரி ஆகிய இருவரும் 1994-இல் இம்முறையை வகுத்து விளக்கினர்.

கம்பைலர் எவ்வளவு கூரியதாயினும் ஒரு பிழையை அதனால் திருத்த இயலாது. குறுகிய எண்களாகவே பெருக்கிவிட்டு, விடையைப் பின்னர் அகலமாக்கினால், வழிந்துபோனது மீளாது. பெருக்குவதற்கு முன்பே எண்ணை விரிக்கவேண்டியது நிரல் எழுதுவோர் கடமை. அவர் விரித்துக் கொடுத்தால், அதனைச் சிக்கனமாக நிறைவேற்றுவது கம்பைலரின் கடமை.

இவ்விரு கடமைகளும் செவ்வனே நடந்தால், பழைய செயலியைக் குப்பையில் எறியவேண்டுவதில்லை. வேகம் குறைந்த கருவியேயாயினும் அது தரும் கணக்கு மெய்க்கணக்காக இருக்கும். இரு மாநிலத்து உழவரும் ஒரே ஆற்றை நம்பியிருக்கையில், அம்மெய்க்கணக்கைவிட நமக்கு வேண்டுவது வேறென்ன?